தன் வேலைக்கே மனுப் போட்டவள்

ப்யூப்ளோ நகரத்தில் நாங்கள் வேலை பார்க்கும், டார்ட்டியா என்ற மெக்சிகோ ரொட்டி செய்யும் ஆலையில், பொட்டலம் கட்டும் பிரிவின் காலை ஷிப்டுக்குப் பதினோரு வருஷமாக எர்னஸ்டினா அர்ச்சுலேட்டாதான் தலைவி. இயந்திரம் முனகினால் போதும், எந்தப் பட்டை நழுவியது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவாள்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, சாப்பாட்டு அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மாலை ஷிப்டுக்குத் தலைவர் தேவை. சம்பளம் மணிக்கு இருபத்தேழு முதல் முப்பத்தொரு டாலர். ஆள் தேடினால் சம்பளத்தையும் எழுதியாக வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்கும் காட்டியாக வேண்டும் என்பது கொலராடோ மாநிலச் சட்டம்.

எர்னஸ்டினா அதை மூன்று தடவை படித்தாள்.

"எனக்கு இருபத்திரண்டுதான்டீ வருது," என்றாள் என்னிடம்.

மதிய ஷிப்டுத் தலைவன் கில் பாக்கா அப்போதுதான் உள்ளே வந்தான். சேர்ந்து நாலு வருஷம்.

"கில், உனக்கு எவ்வளவுப்பா?"

அவன் முகம் சிவந்தது. "இருபத்தொம்பது. என்னைவிட நீ கூட வாங்குறேன்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்! எனக்கு வேலை கத்துக்குடுத்ததே நீதானே!"

"மேனேஜர்கிட்ட சண்டைக்குப் போலாமா?" என்று கேட்டேன்.

"சண்டை எதுக்கு? ஆள் வேணும்னு போட்டிருக்காங்க. மனுப் போட்டுர்றேன்."

வியாழனன்று நேர்காணல். மேனேஜர் ஹென்ஸ்லியோடு, டென்வர் தலைமை அலுவலகத்திலிருந்து ப்ரெண்டா என்ற அம்மாளும் வந்திருந்தார். நடந்ததை எர்னஸ்டினா பிறகு எங்களுக்கு நடித்தே காட்டினாள்.

படிவத்தில் இருந்த கேள்விகளை ப்ரெண்டா வரிசையாகக் கேட்டிருக்கிறார். "இப்ப பாக்குற வேலைய ஏன் விடணும்னு நெனைக்கிறீங்க?"

"சம்பளம் கம்மிங்க. இதே வேலைக்கு வேற எடத்துல ஏழு டாலர் கூடத் தர்றாங்க."

"எந்த எடத்துல?"

"கில் நிக்குற எடத்துல. இங்கேருந்து இருபதடி தூரம்."

ஹென்ஸ்லி கூரையைப் பார்த்தாராம். ப்ரெண்டாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும், ஆலையில் எல்லாருடைய சம்பள விவரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. அவளுக்கு மணிக்கு முப்பத்தொரு டாலர். கில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் குறைத்துக் கொடுத்த பாக்கியும் மொத்தமாக வரும். மாவு பிசையும் பிரிவில் இரண்டு பெண்களுக்கும் அதே மாதிரி கடிதங்கள். அவர்கள் கேட்கக்கூட இல்லை.

"அப்ப மாலை ஷிப்டுக்கு வர்றீங்களா?" என்று ஹென்ஸ்லி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயோ, சாயங்காலம் எனக்கு சாஃப்ட்பால் ஆட்டம் இருக்கு! இவளைப் போடுங்க," என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

அந்த வெள்ளிக்கிழமை கில் எங்களை விருந்துக்குக் கூட்டிப்போனான். பச்சை மிளகாய்க் குழம்பில் மிதக்கும் பர்கரை எர்னஸ்டினா இரண்டு தட்டு காலி செய்தாள். மறுநாள் ஆட்டத்தில் ஓடவே முடியவில்லை. அவள் அணி படுதோல்வி. புல்லில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.