மேட்ச் இல்லாத வியாழக்கிழமை

எங்கள் கல்யாணத்தை வியாழக்கிழமை வைத்ததற்கு ஒரே காரணம், அன்றைக்கு மேட்ச் இல்லை. கிளீவ்லேண்டில் கல்யாணம் செய்துவைக்கிற கோர்ட்டும் ஏரிக்கரை ஸ்டேடியமும் பக்கத்துப் பக்கத்தில். மேட்ச் இல்லாத நாளில் அங்கே வண்டி நிறுத்த ஒன்றரை டாலர். மேட்ச் என்றால் அதே இடம், அதே குண்டும் குழியும், பத்து டாலர். பகல் கொள்ளை! அதனால் லாஸ்லோவும் நானும் பேஸ்பால் அட்டவணையை நடுவில் விரித்து வைத்துக்கொண்டுதான் நாள் குறித்தோம்.

லாஸ்லோ லேத் பட்டறைக்காரன். எட்டுத் தெரு தள்ளி வண்டியைப் போட்டுவிட்டுப் பனியில் நடந்து வருவானே தவிர, பார்க்கிங்குக்குக் காசு கொடுக்க மனசு வராது. நானும் லேசுப்பட்டவள் இல்லை. "ஜாடிக்கேத்த மூடி" என்பாள் என் தங்கை வேரா.

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. இதற்கு முன்னால் ஒருமுறை, இருபத்தைந்து வயதில், வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு சர்ச் வாசலில் நின்றிருக்கிறேன். மாப்பிள்ளை வரவே இல்லை. ஊரே பார்த்தது. அதனால் லாஸ்லோவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "நான் வரும்போது நீ அங்க இருக்கணும். நான் காத்துக்கிட்டு நிக்க மாட்டேன்."

"இருப்பேன் பெர்னி" என்றான்.

பதினொன்றரைக்குக் கல்யாணம். வேராதான் வண்டி ஓட்டினாள். ஏரிப் பக்கம் திரும்பியதும் தெருவெல்லாம் தொப்பியும் கொடியுமாக ஒரே கூட்டம்.

"அக்கா, இன்னிக்கு மேட்சு!"

"வாயை மூடு. அட்டவணையில இல்ல."

ஸ்டேடியத்து வாசலில் ஆரஞ்சுக் கொடியோடு நின்றவன் குனிந்து பார்த்தான். "நேத்து ராத்திரி மழையில நின்னுபோச்சுல்ல, அதத்தான் இன்னிக்கு மத்தியானம் ஆடறாங்க. பத்து டாலர்மா."

"நாங்க மேட்சுக்கு வரலைய்யா. எனக்குக் கல்யாணம்!"

"அப்ப அதுவும் மேட்சுதான். பத்து டாலர்."

வேரா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த பூங்கொத்தாலேயே அவனை அடித்திருப்பேன். சுற்றினோம், சுற்றினோம், ஒரு சந்துகூட காலியில்லை. கடைசியில் வேரா கோர்ட் படியருகே பிரேக் போட்டாள். "நீ எறங்கு. நான் சுத்திக்கிட்டே இருக்கேன். போய்க் கட்டிக்கிட்டு வா."

மாடிக்கு ஓடினேன். லாஸ்லோ இல்லை.

நீளமான வராந்தா, ஒரு பெஞ்சு, ஒரு குமாஸ்தா அம்மாள். வேறு யாருமில்லை. எண்பதுகளின் நடுவில் கையில் போன் ஏது, கூப்பிட்டுக் கேட்க?

"ஜட்ஜ் ஐயாவுக்கு மேட்ச் டிக்கெட் இருக்கு. சீக்கிரமா கிளம்பிடுவாரு" என்றாள் அந்த அம்மாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வந்துடுவாரும்மா" என்றாள்.

"உங்ககிட்ட சொன்னாரா?" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுபடியுமா? அன்றைக்காவது சின்ன வயசு, அழுது தீர்த்தேன். இந்த வயசில் கீழே போய் வேராவிடம் என்ன சொல்வேன்? பூங்கொத்தை எங்கே போடுவது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கதவு திறந்தது. கருப்பு அங்கியும் கையில் நம்ம டீம் தொப்பியுமாக நீதிபதி எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ளை எங்கம்மா?"

பெஞ்சிலிருந்து எழுந்தேன். அப்போதுதான் படியில் தடதடவென்று சத்தம். டை தோளில் பறக்க, சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்து, லாஸ்லோ வந்து நின்றான். மூச்சு வாங்கியது.

"பத்தரையிலேர்ந்து சுத்தறேன் பெர்னி... எங்கயும் எடமில்ல."

"எத்தனை தெரு தள்ளிடா போட்டுட்டு வந்த?" என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"தள்ளியெல்லாம் இல்ல. எதுத்தாப்லதான்." யாரோ செத்துப்போன செய்தியைச் சொல்பவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். "குடுத்துட்டேன்."

"என்னத்த?"

"பத்து டாலர். நடந்து வந்தா நேரமாயிடும். நீ இங்க தனியா நின்னுக்கிட்டு இருப்பியே."

அவ்வளவுதான், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த அந்த சர்ச் வாசல் அப்படியே இறங்கிப் போனது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. லாஸ்லோ, என் லாஸ்லோ, பார்க்கிங்குக்குப் பத்து டாலர் கொடுத்திருக்கிறான்!

நீதிபதி தொண்டையைக் கனைத்தார். "ஆரம்பிக்கலாமா? பெர்னடீன், இவரை..."

"சம்மதம்" என்றேன்.

"நான் இன்னும் கேக்கவே இல்லியேம்மா."

"நீங்க நிதானமா கேளுங்க சார். நான் சொல்லிட்டேன்."