கவிழாத கோப்பை

எல்ஸியை மன்னித்துவிட்டதாக ஜோனதன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தான். சிலிபினில் அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் யார் வீட்டில் நடந்தாலும் கடைசி ஜெபத்தின்போது எழுந்து நிற்பான். "என் மனைவிக்காக வேண்டிக்குங்க. அவ மனசுல இன்னும் அந்தப் பாரம் இருக்கு" என்பான். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். எல்ஸியும் துடைத்துக்கொள்வாள். அவளும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள், பாவம்.

மகள் கேரனுக்கு அப்போது இரண்டு வயது. ஒரு சனிக்கிழமை காலை எல்ஸி தனக்கு ஒரு கோப்பி ஓ கலக்கி மேசை மேல் வைத்துவிட்டு, துணி காயப்போடப் பின்பக்கம் போனாள். ஜோனதன் பசியாற வாங்கிவர வெளியே போயிருந்தான். திடீரென்று பிள்ளை வீறிட்டது. ஓடி வந்து பார்த்தால், திரும்பி வந்திருந்த ஜோனதனின் கையில் பிள்ளை கிடந்து துடிக்கிறது. மேசையில் கோப்பை கவிழ்ந்து கிடக்கிறது. கோப்பி தரையெல்லாம் ஓடுகிறது. "ஐயோ, நாந்தானே ஓரத்துல வச்சேன்" என்று எல்ஸி தலையில் அடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதுதான் ஜோனதன் வாயைத் திறந்தான். பிள்ளை கோப்பையைப் பிடித்து இழுத்தது, சூடு பட்டதும் திரும்பிக்கொண்டது என்றான்.

இப்போது கேரன் பள்ளிக்கூடம் போகிறாள். முதுகில், இடது தோள்பட்டைக்குக் கீழே தொடங்கி இடுப்பு வரை அந்தத் தழும்பு இருக்கிறது. அதைக்கூட எல்ஸி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது வேறு. அம்மா கையிலிருந்து சூடான எதையும் கேரன் வாங்கமாட்டாள். எல்ஸி கோப்பையோடு வந்தால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவாள். "அப்பா கலக்கட்டும்மா, நீங்க வேணாம்" என்பாள், ரொம்ப மரியாதையாக. கிறிஸ்மஸுக்கு சிலிம் ரிவர் பக்கம் போனால் நாத்தனார் வேறு. ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை வந்துவிட்ட தோட்டத்தில் பழைய லயத்து வீடு ஒன்றில் அவள் இன்னும் இருக்கிறாள். எல்ஸி தட்டில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தாலே, "நீங்க குடுக்காதீங்க அண்ணி, நான் குடுக்குறேன்" என்று எல்லோர் முன்னாலும் பிடுங்கிக்கொள்வாள். அது பச்சைத் தண்ணீராக இருந்தாலும்தான். தப்புச் செய்தவள் என்ன பதில் பேசுவாள்? வாயை மூடிக்கொண்டு ஆறு வருஷம் ஓட்டினாள்.

தாசேக்கில் பிளாஸ்டிக் வீட்டுச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எல்ஸிக்கு வடிவமைப்புப் பிரிவில் வேலை. வாளி, தட்டு, சோற்று டப்பா என்று வரைந்துகொண்டிருந்தவள், தானாகவே போய் முதலாளியிடம் கேட்டு ஒரு கோப்பையை ஆரம்பித்தாள். அடி அகலமாக, கனமாக இருக்கும். இரண்டு பக்கமும் பிடி. மூடியில் நாக்கு மாதிரி ஒரு மெல்லிய ரப்பர். உதடு வைத்து உறிஞ்சினால்தான் அது திறக்கும், கவிழ்ந்தால் நாலு சொட்டுக்கு மேல் வராது. கை நடுங்கும் வயசானவர்களுக்கு, குழந்தைகளுக்கு, ஆஸ்பத்திரிகளுக்கு விற்கலாம் என்று முதலாளி கணக்குப் போட்டார். எல்ஸிக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தான் கலக்கிய மைலோவைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும், கேரன் நாற்காலியைத் தள்ளாமல் வாங்கிக் குடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்காக எத்தனை மூடியை வெட்டி எறிந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கோப்பை ஒரு வழியாகத் தயாரானது. விளம்பரத்துக்குப் படம் வேண்டும் என்றார் முதலாளி. சாதாரணக் கோப்பை கவிழ்ந்தால் பிள்ளைக்கு என்ன ஆகும், இது கவிழ்ந்தால் என்ன ஆகும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்ட வேண்டுமாம். தரச் சோதனைப் பிரிவு குமுதா அக்கா இரண்டு வயதுப் பிள்ளை உயரத்தில் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து, வெள்ளைச் சட்டை போட்டு நிறுத்தினாள். சூடு எங்கே படுகிறது என்று தெரிவதற்குச் சிவப்பு சிராப் கலந்த தண்ணீர். மேசை எவ்வளவு உயரம் என்று எல்ஸிதான் சொன்னாள். அவள் வீட்டு மேசையின் உயரம் அவளுக்கு மனப்பாடம்.

முதலில் சாதாரணக் கோப்பை. பொம்மையின் கையில் நூலைக் கட்டி இழுத்தார்கள். முகம், கழுத்து, நெஞ்சு எல்லாம் சிவப்பு.

"அலாமா!" என்று குமுதா அக்கா வாயில் கை வைத்தாள். "பாக்கவே முடியலலா."

எல்ஸி பொம்மையைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

"முதுகுல படலையேக்கா."

"முதுகுல எப்படிப் படும்? பிள்ளை மூஞ்சியக் காட்டிக்கிட்டுத்தானே இழுக்கும்?"

"சூடு பட்டா திரும்பிடும்ல?"

"திரும்புறதுக்குள்ள நெஞ்சு வெந்துருமே!"

சட்டையை மாற்றி மறுபடியும் இழுத்தாள் எல்ஸி. மறுபடியும் நெஞ்சுதான். பொம்மையைத் திருப்பி நிறுத்தி, முதுகு காட்டியபடி இழுத்துப் பார்த்தாள். தலையும் பிடரியும் நனைந்தன. கேரனின் பிடரியில் ஒரு பொட்டுத் தழும்புகூடக் கிடையாது. சாய்த்து நிறுத்தினாள், உட்கார வைத்தாள், குனிய வைத்தாள். படம் எடுத்து முடித்தும் விடவில்லை. "போதும்லா, எதுக்கு அந்தப் பொம்மைய இந்தப் பாடு படுத்துற?" என்று குமுதா அக்கா கடைசியில் அலுத்துக்கொண்டாள். எல்ஸியின் வீட்டுக் கதை அவளுக்குத் தெரியாது.

அந்த நேரம் பார்த்துப் பாரந்தூக்கி வண்டி ஓட்டும் பிச்சைமுத்து, எல்லோருக்கும் தே தாரேக் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். கடைகளில் கட்டிக் கொடுப்பார்களே, இனிப்புப் பால் கலந்து, பிளாஸ்டிக் பையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, வாயை முறுக்கிக் கயிறு போட்டு, அந்தத் தேநீர்தான். பைகள் விரலில் தொங்கிக்கொண்டிருந்தன. ஈரச் சட்டையோடு நின்ற பொம்மையைப் பார்த்ததும் அவனுக்குக் குறும்பு வந்துவிட்டது.

"என்னாடா கண்ணு, குளிச்சிட்டியா?" என்று பையோடு சேர்த்தே அள்ளித் தூக்கி மார்பில் சாய்த்துக்கொண்டான்.

கை பொம்மையின் முதுகைச் சுற்றி வளைத்தது. விரலில் தொங்கிய பை கைக்கும் முதுகுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பிதுங்கியது. இடது தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே.

"டேய், பை வெடிச்சிரும்டா!" என்று குமுதா அக்கா கத்தினாள்.

"எங்கூட்லயும் இதே ஏச்சுதான்கா. உள்ள நுழையறதுக்குள்ள பிள்ளை ஓடியாந்து கால கட்டிக்கிது, பைய எங்க எறக்கி வைக்கிறது?" என்று சிரித்தான் அவன்.

எல்ஸி சிரிக்கவில்லை. அந்தச் சனிக்கிழமை அவள் கண்முன்னால் வந்து நின்றது. மேசையில் அவன் வாங்கி வந்த ரொட்டி சானாய் இருந்தது. பருப்புக் குழம்புப் பை இருந்தது. தே இல்லை. தே இல்லாமல் ஜோனதனுக்கு ரொட்டி சானாய் தொண்டையில் இறங்காது. ஆஸ்பத்திரியில் பிள்ளையின் சட்டையை வெட்டி எடுத்தபோது குப்பென்று இனிப்புப் பால் வாடை அடித்தது. அவள் குடிப்பது கோப்பி ஓ, வெறும் கறுப்புக் கோப்பி. அதில் ஏது பால்? இத்தனை வருஷம் அந்தத் தழும்புக்குத் தினமும் மருந்து தடவியவள் அவள்தான். தடவும்போதெல்லாம் தன் தப்பை மட்டுமே பார்த்தாள். அது முதுகில் ஏன் இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை. மடச்சி என்று தன்னையே திட்டிக்கொண்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஜோனதன் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தான். நல்லவன் அல்லவா? கேரன் டியூஷன் முடிந்து வேனில் வர இன்னும் நேரம் இருந்தது.

"அன்னிக்குத் தே எங்க?" என்றாள் எல்ஸி, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல்.

"என்னிக்கு?"

"கேரனுக்குச் சுட்ட அன்னிக்கு. ரொட்டி வாங்கிட்டு வந்தீங்க. தே எங்க?"

"அது யாருக்கு ஞாபகம் இருக்கு? வாங்கியிருக்க மாட்டேன்."

"பிள்ளை சட்டையில பால் வாடை அடிச்சுச்சு. என் கோப்பில பால் இல்ல."

மடித்துக்கொண்டிருந்த சட்டை அவன் மடியிலேயே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்துபோயிற்று.

"நான் வேணும்னு செய்யல எல்ஸி. ஓடியாந்து கால்ல கட்டிக்கிச்சு. தூக்குனேன். பை வெடிச்சிருச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ ஓடியாந்து நாந்தான் ஓரத்துல வச்சேன்னு அழுத. எனக்கு வாய் வரல. அப்புறம் நாளாயிருச்சு, எப்படிச் சொல்றது?"

அவன் அழ ஆரம்பித்தான். எல்ஸிக்கு ஒரு நிமிஷம் மனசு இளகியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். யாருக்கும் நடக்கக்கூடியதுதானே? பிச்சைமுத்துவுக்கும் நடந்திருக்கும். பயந்துபோனவன் பேசாமல் இருந்துவிட்டான், அவ்வளவுதானே? பக்கத்தில் உட்காரக்கூடப் போனாள். உட்காருவதற்குள் வேறொன்று உறைத்தது.

"என் கோப்பைய யாரு கவுத்தது?"

அவன் சட்டையின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"நான் உள்ள வரும்போதே கவுந்து கிடந்துச்சு. யாரு கவுத்தா?"

"பயமா இருந்துச்சுலா" என்றான் தரையைப் பார்த்து.

"கிழிஞ்ச பை?"

"பாக்கெட்ல வச்சிக்கிட்டேன்."

பெற்ற பிள்ளை தோல் உரிந்து அலறும்போது அந்த மனிதன் கை நீட்டிக் கோப்பையைத் தட்டிவிட்டிருக்கிறான். பையைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்திருக்கிறான். அதே பாக்கெட்டோடு ஆஸ்பத்திரி பெஞ்சியில் உட்கார்ந்து, 'அழாதே எல்ஸி, நீ வேணும்னா செஞ்ச?' என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்திருக்கிறான். அவன் ஏசியிருந்தால், அடித்திருந்தால்கூட எல்ஸிக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவன் காட்டிய அன்பு ஒவ்வொன்றும் இப்போது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"எனக்காக வேண்டிக்கச் சொல்லி எந்திரிச்சு நின்னியே, உனக்கு வெக்கமா இல்ல?" கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. "அன்பியத்துல சொல்ல வேணாம். உன் தங்கச்சிகிட்ட சொல்ல வேணாம். பிள்ளைகிட்ட சொல்லு. இன்னிக்கே சொல்லு. உன் வாயால நீயே சொல்லு."

"அவ என்னை எப்படிப் பாப்பா எல்ஸி?"

"என்னை எப்படிப் பாத்தாளோ அப்படிப் பாக்கட்டும்."

"சொல்றேன். சத்தியமா சொல்றேன்" என்று சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வேன் வந்து நின்றது. கேரன் புத்தகப் பையோடு ஓடி வந்து, வழக்கம்போல நேரே அப்பாவின் மடியில் விழுந்தாள். டியூஷனில் எவளோ தன் பென்சிலை ஒளித்து வைத்த கதையை மூச்சு விடாமல் சொன்னாள். ஜோனதன் அவள் தலைமுடியை ஒதுக்கி விட்டுக்கொண்டே கேட்டான். எல்ஸி எதிரில் நின்று காத்திருந்தாள். கதை முடிந்தது.

"சொல்லுங்க" என்றாள்.

ஜோனதன் மகளின் பக்கம் குனிந்தான். "அம்மா கோப்பை ரெடியாயிருச்சாம் கண்ணு. கவுந்தாக்கூட ஊத்தாதாம்."

"அத இல்ல. மத்தத சொல்லுங்க."

அவன் கேரனைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். எல்ஸி மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். தன்னால் முடிந்தவரை மெதுவாகச் சொன்னாள். "கேரன், உன் முதுகுல சுட்டது அம்மாவோட கோப்பி இல்லம்மா. அப்பா வாங்கிட்டு வந்த தே. அப்பா உன்னத் தூக்கும்போது பை வெடிச்சிருச்சு. தெரியாம நடந்ததுதான். ஆனா அம்மா இல்ல."

கேரன் அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்படியாப்பா?"

தலையை ஒரு முறை ஆட்டியிருந்தால் போதும். அவன் பிள்ளையைத் தன்னோடு இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டான்.

"அம்மாவுக்கு இன்னிக்கு உடம்பு சரியில்ல கண்ணு" என்றான், அந்தப் பழகிய இதமான குரலில். "ரொம்ப வேலைலா, பாவம். நாம ஒண்ணும் சொல்லக்கூடாது."

கேரன் மடியிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் எதிரில் நின்றாள். கண் கலங்கியிருந்தது. கோபம்கூட இல்லை, பெரிய மனுஷி மாதிரி பேசினாள்.

"அப்பா எப்பவுமே உங்களுக்குத்தாம்மா பரிஞ்சு பேசுவாரு. அத்தை ஏசுனாக்கூட, அம்மா வேணும்னு செய்யலன்னு சொல்லுவாரு. நீங்க ஏம்மா அவரு மேல பழி போடுறீங்க?"

எல்ஸி அவளுக்கு மேலாக ஜோனதனைப் பார்த்தாள். அவன் குனிந்து, மடியில் கிடந்த சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.