ஒரே மடக்கு

மருத்துவமனைக் கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி கத்தினேன். "மாத்திரையைத் துப்பிடுறா சிஸ்டர்! இல்லன்னா ரத்தம் ஏன் ஏறல?"

தங்கைக்கு எட்டாம் மாதம். உடம்பில் இரும்புச் சத்து போதவில்லை, இப்படியே போனால் பிரசவத்தில் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் போன தடவையே சொல்லிவிட்டார். இன்று பார்த்தால் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. என் வீட்டில் வைத்து, என் கையால் கொடுத்து, கண்ணெதிரே விழுங்க வைத்த மாத்திரை எங்கே போகும்? நான் முதுகைத் திருப்பியதும் துப்புகிறாள், கழுதை. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. போன தடவையே சந்தேகம் வந்து, வீட்டில் குப்பைக்கூடையைக் கிளறினேன். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். கப்பலில் வேலை பார்க்கும் அவள் புருஷனுக்குப் போன் போட்டு, "உங்க பொண்டாட்டிக்குப் பிள்ளை மேல அக்கறையே இல்ல மாப்பிள்ளை" என்று வத்தி வைத்தேன். அதிலிருந்து அவர் அவளோடு சரியாகப் பேசுவதில்லை.

"நான் துப்பல சிஸ்டர்" என்றாள் தங்கை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"வாயை மூடுடி!"

நர்ஸ் என்னைக் கண்டுகொள்ளவில்லை. "வெளிக்குப் போறப்ப கறுப்பா போகுதாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"ஆமா சிஸ்டர். தார் மாதிரி."

"அப்ப மாத்திரை உள்ளதான் போகுது. எதோட போடுற?"

நான் முந்திக்கொண்டேன். எனக்குப் பெருமை வேறு. நான் பார்சல் கம்பெனியில் பொட்டலம் கட்டுகிறவள். ஒரே வீட்டுக்குப் போகிற சாமானை இரண்டு பெட்டியில் போட்டால் எனக்குப் பொறுக்காது. "காலைல இரும்பு, ராத்திரி கால்சியம்னு நீங்க தனித்தனியா சொன்னீங்க. எல்லாம் ஒரே வயித்துக்குத்தானே போகுது? ரெண்டையும் சேர்த்து, ராத்திரி படுக்கப் போறப்ப டம்ளர் நிறையப் பாலோட ஒரே மடக்குல குடுத்திடுவேன். வேலை முடிஞ்சுது!"

நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கடவுளே! கால்சியமும் பாலும் இரும்பை உடம்புல சேர விடாதும்மா. போட்டதுல பாதிக்குப் பாதி வீணாத்தான் போயிருக்கும். அதுக்குத்தானே பிரிச்சுக் குடுக்கச் சொன்னோம்? இனிமே இரும்பை வெறும் வயித்துல, எலுமிச்சை ஜூஸோட குடுங்க. அடுத்த தடவையும் ஏறலன்னா அட்மிட் பண்ணி ஊசிதான்."

கூடமே என்னைத்தான் பார்த்தது. ஊரைக் கூட்டினது நான்தானே, பார்க்கட்டும். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "தப்பு என் மேலதான் மாப்பிள்ளை. அவ ஒண்ணைக்கூடத் துப்பல." "அவகிட்டக் குடுங்க" என்றார். போனைத் தங்கையிடம் நீட்டினேன்.

அவள் பேசி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன வாய், அப்போதும் அதட்டல்தான் வந்தது. "ஏண்டி, துப்பலன்னு எங்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ அவ்வளவு உறுதியா சொன்னியாக்கா, எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. தூக்கத்துல எனக்கே தெரியாம துப்பிடுறேனோன்னு, தினமும் எழுந்ததும் தலையணையைத் தூக்கிப் பார்ப்பேன்."