மலைமுழுங்கியின் கடைசிக் காட்சி

அந்தப் படத்தில் மனிதர் ஒருவரும் இல்லை. வண்டிகள்தாம் பேசும், பாடும், அழும். குடும்பத்தோடு வந்து பார்க்கவேண்டிய கார்ட்டூன் படம். தும்பி என்னும் மூன்று சக்கர வண்டிக்கு அவள் குரல் கொடுத்தாள். தும்பியை ஓட ஓட விரட்டும் மலைமுழுங்கி என்னும் குப்பை லாரிக்கு அவள் கணவன் குரல் கொடுத்தான். ஒலிக்கூடத்தில் எல்லாரும் அவளைத் தும்பி என்றே அழைக்கலாயினர். ஒலிப்பதிவாளர் மட்டும் உறவுமுறை வைத்து அவளைத் தங்கச்சி என்றும் அவனை மாப்பிள்ளை என்றும் கூப்பிடுவார்.

எஞ்சியிருந்தது கடைசிக் காட்சி ஒன்றுதான். பதினொரு நாள்களுக்கு முன் கணவன் அவளைச் சுவரோடு மோதியதில் விலா எலும்பு ஒன்று விரிசல் கண்டது. அன்றே உடுத்திய துணியோடு வெளியேறி, பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தாள். அந்த இடம் அவனுக்குத் தெரிந்துவிட்டால் தான் உயிரோடு இருக்கப்போவதில்லை என்பதில் அவளுக்கு ஐயமில்லை. தன் பங்கைத் தனியே பதிவு செய்துவிடலாமா என்று ஒலிப்பதிவாளரைக் கேட்டுப் பார்த்தாள். "ரெண்டு பேரும் நேருக்கு நேர் முட்டிக்கிட்டாத்தான் தங்கச்சி காட்சி நிக்கும்" என்று அவர் சொல்லிவிட்டார். காரணத்தைச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. கண்ணாடிக்கு அப்பால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கையில் இவனால் என்ன செய்துவிட முடியும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு, காலை பதினொரு மணிக்கு வந்து சேர்ந்தாள்.

அவன் முன்னரே வந்திருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்குத் தங்கச்சியை நசுக்குற நாள். தெம்பாச் சாப்பிட்டீங்களா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

"நசுக்கிட்டாப் போச்சு மச்சான்" என்று அவன் சிரித்தான்.

இருவரும் உள்ளே சென்றனர். தடித்த கதவு சாத்தப்பட்டது. திரையிலுள்ள படம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக விளக்கை அணைத்துவிடுவது அங்கு வழக்கம். கதவின்மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. அது அணையும்வரை முதலாளியே வந்தாலும் கதவைத் திறக்கமாட்டார்கள். ஒலிப்பதிவாளரின் கண்கள் அவர் முன்னிருந்த திரையிலும், காதுகள் ஹெட்போனிலும் இருந்தன.

"எங்கடா ஓடுற, பொடிப்பயலே?" என்று மலைமுழுங்கி உறுமியது.

"என்னை விட்டுடு, மாமா" என்று தும்பி கெஞ்சியது.

அதன்பின் லாரி ஏழு வினாடிகள் பேசாமல் பின்னோக்கி நகரவேண்டும். அவன் மைக்கின் முதுகுப்பக்கம் போய் நின்றான். அங்கிருந்து தணிந்த குரலில் பேசினால் பதிவில் விழாது என்பதைப் பல்லாண்டுத் தொழில் அவனுக்குக் கற்பித்திருந்தது.

"எங்கடி தங்கியிருக்க?"

அவள் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவன் கைமுட்டி அவளுடைய விலாவில், விரிசல் கண்ட அதே இடத்தில், இறங்கியது. மூச்சு அறுந்ததுபோல் ஓர் ஒலி அவளிடமிருந்து வெளிப்பட்டது.

"பிரமாதம் தங்கச்சி" என்றது இருவர் காதிலும் இருந்த ஹெட்போனில் ஒலிப்பதிவாளரின் குரல். "அந்த முனகல் நெஞ்சைப் புடுங்குது. மாப்பிள்ளை, ஸ்டாண்டை மட்டும் இடிக்காதீங்க. இடிக்கிற சத்தமெல்லாம் நாங்க பின்னாடி போட்டுக்குவோம்."

அவன் பணிவாகத் தலையாட்டினான். அடுத்த அடி அவள் தாடையில் விழுந்தது. நாக்கு பல்லிடையே சிக்கி வாயில் இரத்தம் கரித்தது.

"அண்ணே" என்று அவள் அலறினாள். "அண்ணே, அடிக்கிறாரு."

"உணர்ச்சி அள்ளுது. ஆனா அந்த அண்ணன் வேணாம். தும்பிக்கு ஏதும்மா அண்ணன்? நிறுத்தாதீங்க, அப்படியே போகட்டும்."

அவன் ஒரு கையால் அவள் கழுத்தைப் பற்றிச் சுவரோடு சேர்த்து அழுத்தினான். மறுகையால் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "இன்னையோட உன் கதை முடிஞ்சுது" என்று வசனத்தை முறைப்படி பேசினான். பிறகு அவள் காதருகே குனிந்தான். "வாயில சொல்ல வேணாம். ஏதாவது விடுதிலதான் இருப்ப, சாவி பைக்குள்ளதான இருக்கும்? அதுல பேரு போட்டிருக்கும்."

அவள் கால்கள் தரையில் உதறிக்கொண்டன. கண்முன் ஓடிய படம் கறுக்கத் தொடங்கியது. எவ்வளவு கதறினாலும் அது நடிப்பாகவே போய்விடும் என்பது அப்போது அவளுக்கு உறைத்தது. துழாவிய கையில் வசனத் தாள்கள் அகப்பட்டன. அவற்றை அள்ளி, மைக்கின் வாயருகே கொண்டுபோய், விரல் நோகக் கசக்கினாள்.

ஒலிப்பதிவாளர் எதையும் பொறுப்பார், தாள் சலசலப்பைமட்டும் பொறுக்கமாட்டார்.

"பேப்பர்" என்றது ஹெட்போன். அவள் மேலும் கசக்கினாள். "பேப்பருங்கிறேன்ல?" அவள் நிறுத்தவில்லை. பதிவை நிறுத்தவும் மறந்து, நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவந்து, அவரே கதவைத் திறந்தார்.

"எத்தனை தடவை சொல்றது, தாளைக் கசக்கா..."

வெளியிலிருந்து வந்த வெளிச்சத்தில் அவள் முகம் நீலம் பாரித்திருந்தது.

"மாப்பிள்ளை, விடுங்க. என்ன இது?" என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அவன் திரும்பி, அவர் பின்னந்தலையைப் பற்றி முகத்தைக் கதவு நிலையில் மோதினான். பல் இரண்டு தரையில் தெறித்தன. மீண்டும் மோதினான். அவர் சரிந்து விழுந்தார்.

அதற்குள் அவளுக்கு மூச்சு ஒருவாறு திரும்பிவிட்டது. மைக் ஸ்டாண்டின் அடியிலிருந்த வட்ட இரும்பு ஐந்தாறு கிலோ தேறும். அவள் ஸ்டாண்டைத் தலைகீழாகத் தூக்கி, அந்த இரும்பை அவன் முழங்கால் சில்லின்மேல் வீசி அடித்தாள். எலும்பு நொறுங்கிய ஒலி அந்த அறையில் துல்லியமாகக் கேட்டது. அவன் விழுந்தும் அவள் கணுக்காலைப் பற்றினான், அவள் அவன் மணிக்கட்டில் அடித்தாள். பிடி விடவில்லை, மறுபடியும் அடித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நான்காம் முறை இரும்பை அவன் தலைக்கு நேரே ஓங்கியபோது அவன் முதன்முறையாகக் கைகூப்பினான்.

"பாவி, கொன்னுடாத."

கீழே, நிலைப்படியில், ஒலிப்பதிவாளர் இரத்தத்தைத் துப்பியபடி இருமிக்கொண்டிருந்தார். அவள் இரும்பை இறக்கி, அவருடைய அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துக்கொண்டாள். கதவைச் சாத்தி வெளித்தாழைப் போட்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் அவன் தவழ்ந்துவந்து ஒற்றைக் கையால் எழுந்து நின்றான். வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. மேசையிலிருந்த அளவுமானியின் முட்கள் துள்ளின. ஸ்பீக்கரில் கெட்ட வார்த்தைகள் இரைந்தன. அவள் ஸ்பீக்கர் குமிழைச் சத்தம் அடியோடு அடங்கும்வரை திருகினாள்.

பிறகு காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். தொண்டையிலிருந்து வந்த கரகரப்பு தும்பியுடையதும் அன்று, அவளுடையதும் அன்று. நடந்ததை வரிசை பிசகாமல் சொன்னாள்.

"ஆள் இப்ப எங்கம்மா இருக்கான்?" என்றார் காவலர்.

"உள்ள பூட்டி வெச்சிருக்கேன்."

"கத்துறானா?"

அவள் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"கத்துறாரு" என்றாள். "எனக்குக் கேக்கல. நீங்க வாங்க."