கடைசி ஆள்

கஸ்தூரி பசை தடவி முடிப்பதற்குள் டீக்கடை அழகேசன் சிரித்துவிட்டார்.

"இன்னா கஸ்தூரி, உங்கப்பாரு இந்த தபா உன்னையும் கூட்டு சேத்துக்கினாரா?"

அவள் காட்டுப்பாக்கம் பஸ் நிறுத்தச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அறைந்து ஒட்டினாள். போன வருஷம் இதே சுவரில் அப்பா செங்கல்வராயன் தன் படத்தைப் போட்டுத் தனக்கே அஞ்சலி ஒட்டியிருந்தார். அதன் அடியில் நின்றுகொண்டு, பஸ்ஸுக்கு வந்தவர்களிடம், "பாவம், எப்டி செத்தாராம்?" என்று விசாரித்தார். அவர்கள் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து முழித்ததை வாரக்கணக்கில் நடித்துக் காட்டினார்.

இன்று விடிகாலையில் நெஞ்சுவலி. நிஜமாகவே போய்விட்டார். யாரும் நம்பவில்லை. போனில் அனுப்பிய சேதிக்குச் சிரிக்கும் பொம்மைகள் வந்தன. அச்சகத்துக்காரன் புதுப் போஸ்டர் அடிக்க முடியாது என்று சொல்லிவிட்டான், அதனால் மீந்துபோன பழசிலேயே பேனாவால் தேதியைத் திருத்தியிருந்தாள். பூந்தமல்லிப் பெரியப்பா தசரதன் சொன்னதுதான் நெஞ்சில் நின்றது.

"போன வாட்டி மால வாங்கிகினு வந்து ஏமாந்தவன் நானு. இந்த வாட்டி அவனையே பேச சொல்லு."

பசை வாளியோடு அவள் திரும்பியபோது வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் அத்தனையும் காலி. கேட்டுக்கு வெளியே அப்பாவின் கூட்டாளிகள் மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். முன்னால் வேம்புலி. நடுவில் நின்றவர் வாட்சைப் பார்த்துச் சலித்துக்கொண்டார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அந்த வரிசையை அவளுக்குத் தெரியும். நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு வெளியே, வெற்றுச் சுவரின் முன்னால் அப்பாவோடு சேர்த்து நான்கு பேரும் நிற்பார்கள். ஜன்னல் ஏதோ திறக்கப்போவது போல முதல் ஆள் சுவரையே பார்ப்பார். இரண்டாம் ஆளுக்கு வாட்ச். மூன்றாம் ஆள் கையில் காலிப் பை. இந்த மூன்றும் யார் வேண்டுமானாலும் செய்யலாம். வித்தை கடைசி ஆளிடம் இருக்கிறது. தனக்குப் பின்னால் ஓரடி தள்ளி ஒரு பையை வைத்து யாருக்கோ இடம் பிடிப்பார். அடுத்தவனுக்கும் சேர்த்து இடம் பிடிக்கிறார் என்றால் கிடைப்பது பெரிசாகத்தான் இருக்கும் என்று போகிறவன் நினைத்துவிடுவான். அரை மணியில் வரிசை தெருமுனையைத் தொடும். நான்கு பேரும் நழுவிப்போய் எதிரே டீ குடித்துக்கொண்டே அதைப் பார்ப்பார்கள். கடைசி ஆள் எப்போதும் அப்பாதான்.

"எங்கப்பா உள்ள பொட்டில கீறாரு. இன்னிக்குமா மாமா இந்த கூத்து? அசிங்கமா இல்ல?"

வேம்புலி திரும்பினார். கண்கள் வீங்கியிருந்தன.

"யாரும் வரலியேம்மா. அவன் ஆளில்லாம போவக் கூடாதுன்னுதான் நிக்கறோம். மூணு பேர வெச்சிகினு ஒண்ணும் நடக்கல."

உள்ளே குளிர்பெட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கஸ்தூரி மூன்றாம் ஆளுக்குப் பின்னால் போய் நின்று, பசை வாளியைத் தனக்குப் பின்னால் ஓரடி தள்ளி வைத்தாள்.

எதிர்க் குடியிருப்பிலிருந்து காய்கறிப் பையோடு வந்த பெண் வேகத்தைக் குறைத்தாள். வாளியைப் பார்த்தாள்.

"எதுக்குங்க வரிசை?"

"எங்கப்பாவ பாக்க."

அந்தப் பெண் கேட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிச் சுவரோரம் விட்டாள். வாளிக்குப் பின்னால் வந்து நின்று, காய்கறிப் பையை ஓரடி தள்ளிக் கீழே வைத்தாள்.