தவளையின் நான்காவது கால்

லெம்லிக்கு நான்கு வருஷமாக ஒரு கனவும் வரவில்லை. ஏரிக்கு மேலே அந்த மேட்டுத் தெருவில் இது சின்ன விஷயம் இல்லை. கனவு காண்கிறவள் புது வடிவம் நெய்வாள். காணாதவள் அடுத்தவள் கண்டதை வாங்கி நெய்வாள். லெம்லி தன் அம்மா கண்டதையே திருப்பித் திருப்பி நெய்துகொண்டிருந்தாள்.

"மரக்கட்டை மாதிரி தூங்கினா கனவு எந்த வழியா வரும்?" என்று பக்கத்து வீட்டு உமிங் அக்கா வாரத்துக்கு ஒரு தரமாவது கேட்காமல் விடமாட்டாள். "உன் புருஷன் லான்டோ விடுற குறட்டையில ஃபு தாலுவே பயந்து ஓடியிருப்பா." நெசவுக்கு எடுக்கிற அபாகா வாழைநாரைக் காக்கிற தெய்வத்தை வைத்துக்கூட அவளுக்குக் கேலிதான்.

ஐந்தாம் வருஷம் மழை தொடங்கின வாரத்தில் கனவில் தவளை வந்தது. லெம்லி வீட்டு மூங்கில் ஏணியிலேயே, படி படியாக, ஒன்றன்பின் ஒன்றாகத் தவளைகள். ஒவ்வொன்றின் முதுகும் சாய்சதுரம். மூன்று கால்கள் மடங்கியிருந்தன. நான்காவது கால் மட்டும், இடது பின்னங்கால், உடம்பைவிட நீளமாக நீண்டு கீழ்ப்படியில் இருந்த தவளையின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எந்தத் தவளைக்கும் அப்படிக் கால் கிடையாது. விழித்தபோது லெம்லி அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாளே நாரைக் கட்டையில் இழுத்துக் கட்டி, மெழுகு நூலால் முடிச்சுப் போட ஆரம்பித்தாள். கோடு போட்டுப் பார்ப்பதோ அளவு எடுப்பதோ கிடையாது. கை போகிற போக்குதான். முடிச்சுப் போட்ட இடம் வெள்ளையாக நிற்கும், மற்றது கறுப்பிலும் சிவப்பிலும் ஊறும். அது முடியும்வரை லான்டோவுக்கு வேறு மூலையில்தான் பாய். வேலை நடக்கும்போது அதுதான் வழக்கம். லான்டோ முனகிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. துணி தறியிலிருந்து இறங்கும்வரை கனவை முழுசாக யாருக்கும் காட்டக்கூடாது. அதற்கு முன்னால் வெளியே போன கனவு கண்டவளுக்குச் சொந்தமில்லை. அதனால் லெம்லி கட்டையின்மேல் எப்போதும் ஒரு பழைய போர்வையைப் போட்டு வைத்திருந்தாள்.

அந்தப் போர்வையை விலக்கியது வேறு யாரும் இல்லை, லெம்லியின் கைதான். விலக்கியது அர்செலிக்காக.

அர்செலியும் அவளும் ஒரே வருஷம் பிறந்தவர்கள். ஒன்றாக ஏரியில் குதித்தார்கள், ஒன்றாகப் பேன் பார்த்துக்கொண்டார்கள். அர்செலி கல்லூரிக்குப் போய் நான்காம் வகுப்பு டீச்சராகத் திரும்பி வந்தாள். லெம்லியின் மகள் ஜெசாவுக்கு அவள்தான் டீச்சர். அர்செலியின் அம்மா அந்த மேட்டிலேயே பேர்போன கனவுக்காரி, நாற்பது வடிவங்கள் கண்டவள். ஆனால் அர்செலிக்கு ஒரு கனவும் வந்ததில்லை. அதைப் பற்றி அவள் பேசவும் மாட்டாள்.

மழைக்கு ஒதுங்கி வீட்டுக்குள் வந்தவள் போர்வையைப் பார்த்தாள்.

"வந்துடுச்சாடி?"

லெம்லியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான்கு வருஷக் கேலி. யாரிடமாவது காட்டாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. காட்டினாள். அர்செலி முடிச்சுகளைத் தொடாமல் மேலே மேலே விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள்.

"இந்தக் காலு..." என்றாள்.

"அதான் அதோட உசுரு. யார்கிட்டயும் மூச்சு விட்றாதே."

"என்கிட்ட போய்ச் சொல்றியே. நான் என்ன உமிங்கா?" என்று சிரித்தாள் அர்செலி. பிறகு கேட்டாள்: "பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் வாயேன். ஓவியப் பாடத்துல நம்ம நாட்டு ஆளுங்க வடிவங்களை வச்சுத்தான் கோடு, வடிவம், நிறம் எல்லாம் சொல்லிக் கொடுக்கணும். நான் படத்தை ஒட்டிக் காட்டினா பசங்க கொட்டாவி விடுதுங்க. நீ வந்து பலகையில போட்டா கண்ணை விரிச்சுப் பாக்குங்க."

லெம்லி போனாள். இருக்கிறதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, காதில் மணித்தொங்கலோடு போனாள். சுவரில் இஃபுகாவோக்காரர்களின் துணி, யாகன்காரர்களின் துணி என்று வேறு மலை, வேறு தீவு நெசவாளர்களின் படங்கள் ஒட்டியிருந்தன. அர்செலி குச்சியால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"இது என்ன கோடு?"

"வளைஞ்சு வளைஞ்சு போற கோடு, மேடம்!"

"இது என்ன வடிவம்?"

"முக்கோணம்! இல்ல மேடம், மலை!"

"மலையும் முக்கோணந்தான். உக்காரு."

அப்புறம் லெம்லி சாக்கட்டியை வாங்கினாள். பலகையில் எழுதுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை. ஏணிப்படிகளுக்குக் கிடைக்கோடு போட்டாள், முதுகுக்குச் சாய்சதுரம் போட்டாள், மூன்று கால்கள் போட்டாள். ஒரே தவளை திரும்பத் திரும்ப வந்து பலகை நிறைந்தபோது பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"தவளைக்கு நாலு காலுதானே? ஒண்ணு எங்க, அத்தை?"

"வீட்டுல மறந்து வச்சுட்டு வந்துடுச்சு," என்றாள் லெம்லி. வகுப்பே கொல்லென்று சிரித்தது. "துணி இறங்கட்டும். அன்னைக்குக் காலோட வரும், எல்லாரும் பாக்கலாம்."

கொடுக்கக்கூடியதைக் கொடுத்தாள், கொடுக்கக்கூடாததை வைத்துக்கொண்டாள். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது ஜெசா அம்மாவின் கையை விடவே இல்லை. லெம்லிக்குத் தலைகால் புரியாத பெருமை.

மூன்று மாதம் போயிற்று. நார் கறுப்பில் ஊறி, சிவப்பில் ஊறி, தறி ஏறியது. ஒரு முழம் நெய்திருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெசா பையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்து நின்றாள்.

"அம்மா, கத்திரிக்கோல் வேணும்."

"எதுக்கு?"

"புதுப் பயிற்சிப் புத்தகம் வந்திருக்கு. வடிவத்தைப் புள்ளிக்கோட்டு மேல வெட்டி ஒட்டிட்டு வரணும்."

புத்தகத்தை விரித்தாள். தவளை. ஏணிப்படி, சாய்சதுரம், மூன்று கால். நான்காவது காலும் இருந்தது. நீண்டு, கீழே இருந்த தவளையின் தலையைத் தொட்டுக்கொண்டு இருந்தது. அதைச் சுற்றி வெட்டுவதற்குப் புள்ளிக்கோடு.

கனவு கண்டு அபாகா நாரில் நெய்கிற த்னாலக் துணியை யாரும் வெட்டமாட்டார்கள். வெட்டினவளுக்கு நோய் வரும் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

"கீழ என்ன எழுதியிருக்கு? படி."

ஜெசா விரலை வைத்து உரக்கப் படித்தாள். "இந்த வடிவத்தைக் கனவில் கண்டு வரைந்தவர், நான்காம் வகுப்பு ஆசிரியை அர்செலி." படித்து முடித்தபிறகுதான் அவளுக்கே ஏதோ உறைத்தது. "அம்மா, இது நம்ம..."

"கத்திரிக்கோல் இல்லை," என்றாள் லெம்லி. கத்திரிக்கோல் அவள் பக்கத்தில்தான் கிடந்தது.

மூன்று காலோடு இருந்திருந்தால் பலகையைப் பார்த்து யாரோ போட்டார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். நான்காவது காலைப் பார்த்தது உலகத்தில் ஒரே ஒரு ஆள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த அர்செலியின் வீட்டுக்குப் போனாள். அர்செலி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். லெம்லியின் கையில் புத்தகத்தைப் பார்த்ததும் ஈரத்துணி அப்படியே கையில் நின்றுவிட்டது.

"நான் போட்டோ எடுக்கலைடி. சத்தியமா எடுக்கலை."

"எடுத்தியான்னு நான் கேக்கலையே."

"மனசுல நின்னுடுச்சு. நான் என்ன பண்ணட்டும்? மேலிடத்துல புதுப் பாடம் கேட்டாங்க, வெள்ளிக்கிழமை கடைசி நாள். நம்ம ஆளுங்க வடிவம் ஒண்ணுகூட அதுல இல்ல லெம்லி. மத்தவங்களோடதெல்லாம் இருக்கு. இப்ப பாரு, எத்தனை பள்ளிக்கூடத்துல உன் தவளை..."

"என் தவளையா? உன் பேருதானே போட்டிருக்கு."

"பேரு எழுத ஒரே ஒரு கோடுதான் விட்டிருந்தாங்க."

"அந்த ஒரு கோட்டுல என் பேரு அடங்காதா? என் பேரு அவ்வளவு நீளமா?"

அர்செலி ஈரத்துணியைக் கொடியில் போட்டு இழுத்து விட்டாள்.

"சரி, பேரு போகட்டும். கனவுல கண்டேன்னு எதுக்கு எழுதினே? தூங்கினது நானு. பாயைத் தனியாப் போட்டுக் கிடந்தது என் புருஷன். கனவு மட்டும் உனக்கு வந்துச்சா?"

அதற்குத்தான் அர்செலியின் முகம் உடைந்தது. "எங்கம்மா நாப்பது கண்டா. நாப்பது! அவ பொண்ணு நான். எங்க போனாலும், உனக்கு எதுவும் வரலையாம்மான்னு கேக்கறாங்க. ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு காகிதத்துல, எனக்கும் வந்துச்சுன்னு எழுதிப் பாக்கணும்னு இருந்துச்சு. நீ கேட்டா கொடுத்திருப்ப."

"கேட்டிருக்கலாமே."

"துணி இறங்கட்டும்னு சொல்லியிருப்ப."

"ஆமா. சொல்லியிருப்பேன்."

லெம்லிக்கு அவளை அறையவேண்டும் என்றும் இருந்தது, கட்டிக்கொண்டு அழவேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. இந்த மாதிரித் தப்புக்கு வழி இருக்கிறது. எடுத்தவள் சந்தை நாளில் நெசவுப் பெண்கள் எல்லார் முன்னாலும் வந்து இது யாருடைய கனவு என்று வாய்திறந்து சொல்லி, கண்டவளின் தறியில் ஒரு பித்தளை மணி கட்டவேண்டும். அதோடு கனவு வீடு திரும்பிவிடும். அதுவரை தறியில் ஓர் இழைகூடப் போடக்கூடாது.

"வர்ற சனிக்கிழமை சந்தைக்கு வந்து சொல்றேன்," என்றாள் அர்செலி. "மணி எங்கம்மாவோடதே இருக்கு. மேலிடத்துக்கும் எழுதிப் பேரை மாத்தச் சொல்றேன். நீ என்னை நம்பு."

லெம்லி நம்பினாள். முப்பது வருஷம் நம்பினவள் இன்னும் ஒரு வாரம் நம்பமாட்டாளா?

முதல் சனிக்கிழமை அர்செலிக்குக் காய்ச்சல் என்று ஒரு ஆள் வந்து சொன்னான். லெம்லி கிழங்குக் கஞ்சி செய்து ஜெசாவிடம் கொடுத்து அனுப்பினாள். அடுத்த சனிக்கிழமை டவுனில் கூட்டம் என்று சொன்னார்கள். கூட்டம் இருக்கும்தான், டீச்சர்களுக்குக் கூட்டத்துக்கா பஞ்சம்? உமிங் அக்கா தறிமேல் கிடந்த போர்வையைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, ஒரு முழத்துலயே நிக்குது? ஓ, பிள்ளைங்க புத்தகத்துல இருக்கே அந்தத் தவளையா? டீச்சரைப் பாத்து நெய்யறியா? நல்லாத்தான் வருது."

லெம்லி போர்வையை இழுத்து மூடினாள். உண்மையைச் சொன்னால் அர்செலி ஊர்முன்னால் அசிங்கப்படுவாள். அவளாகவே வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். உமிங் அக்கா கேலி செய்யாமல் பாராட்டினது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அதுவும் இப்படி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெசா பரீட்சைத் தாளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தாள்.

"கம்மியா வாங்கியிருக்கியா?"

"இல்ல. முழு மார்க்கு. நீ கையெழுத்துப் போடணும்."

முழு மார்க் வாங்கினவள் ஏன் தரையைப் பார்க்கிறாள்? லெம்லி தாளை வாங்கினாள். மெதுவாகத்தான் படிக்க வரும் அவளுக்கு. கோடு எத்தனை வகை, சரி. சாய்சதுரத்துக்கு எத்தனை பக்கம், சரி. நிறம், சரி. ஐந்தாம் கேள்வி: தவளை வடிவத்தைக் கனவில் கண்டவர் யார்? விடை: மேடம் அர்செலி. பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது.

"நான் மொதல்ல அப்படி எழுதலம்மா," என்று ஜெசா அழ ஆரம்பித்தாள். "என் அம்மான்னுதான் எழுதினேன். மேடம் வரிசையா பாத்துக்கிட்டே வந்தாங்க. என் பக்கத்துல வந்து ரொம்ப நேரம் நின்னாங்க. புத்தகத்துல என்ன இருக்கோ அதை எழுது ஜெசான்னு சொல்லிட்டு, அவங்க ரப்பரையே எடுத்துக் கொடுத்தாங்க."

லெம்லி தாளைச் சாய்த்துப் பிடித்தாள். 'மேடம் அர்செலி'க்கு அடியில் காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது. கட்டைவிரலால் தடவினாள். பென்சிலை அழுத்தி எழுதுகிற பிள்ளை ஜெசா; எழுத்து போயிருந்தது, பள்ளம் போகவில்லை. என் அம்மா. விரலுக்கு நன்றாகத் தெரிந்தது.

புத்தகத்தில் எழுதியபோது அர்செலிக்கு முன்னால் காகிதம் மட்டும்தான் இருந்தது. அதை மன்னிக்க லெம்லி பாதி தயாராகவே இருந்தாள். இன்றைக்கு அவள் முன்னால் இருந்தது குழந்தையின் முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே ரப்பரை நீட்டியிருக்கிறாள். காய்ச்சலும் பொய், கூட்டமும் பொய், மணியும் பொய். லெம்லிக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கஞ்சியை நினைத்தபோது இன்னும் எரிந்தது.

"நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை. மூக்கைத் துடை. பேனா கொண்டா."

"பென்சில் வேண்டாமா?"

"வேண்டாம். பேனா."

தாளின் அடியில் 'பெற்றோர் கையெழுத்து' என்று ஒரு கோடு இருந்தது. லெம்லி அந்தக் கோட்டைத் தொடவில்லை. மேலே போய், ஐந்தாம் கேள்விக்குப் பக்கத்தில், ரப்பர் தேய்த்து மெலிந்த இடத்தின்மேலேயே, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். முடிக்கும்வரை மூச்சு விடவில்லை.

"ஐயோ அம்மா, தப்பான இடத்துல கையெழுத்துப் போட்டுட்டே!"

"இல்ல ஜெசா. கேள்வியைப் படிச்சுட்டுத்தான் போட்டேன். நாளைக்கு நானே கொண்டுபோய் அவ கையில கொடுக்கறேன். போற வழியில உமிங் அத்தையையும் மத்த நெசவுக்காரங்களையும் கூப்பிட்டுக்கலாம்."