தாய்மாமன் போட்ட ஓ.எஸ்.

எனக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது. என் மகள் காவ்யாவுக்குக் காது குத்தியபோது, தாய்மாமனாக அவளை மடியில் வைத்து உட்கார்ந்தவர் கோபிநாத் அண்ணன். எங்கள் ஊர் இலுப்பூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகென்றால் ஆத்திரத்தில் வார்த்தை வராது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். சாதிச் சான்றிதழ், வேலை விண்ணப்பம் என்று வருகிறவர்களுக்குப் பதிந்து கொடுப்பேன். வீடு நடப்பது அதில்தான். பத்து வருடப் பழைய கம்ப்யூட்டர் அது. மூடிய டைப்ரைட்டிங் சென்டர் ஒன்றில் ஒரே மாதிரி இரண்டு கம்ப்யூட்டர்கள் விலைக்கு வந்தன. நான் ஒன்று, அண்ணன் ஒன்று வாங்கினோம். கிழடுதான், ஆனால் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் அண்ணன் வந்தார்.

“கம்ப்யூட்டரை ஓட்டுற இந்த ஓ.எஸ்.சுக்கு இனிமே அப்டேட் வராதும்மா. வைரஸ் பூந்துரும். புதுசு போட்டுத் தாரேன்.”

“நல்லாத்தானே ஓடுது அண்ணே? இது தாங்குமா?”

“நான் இருக்கேன்ல?”

அதற்கு மேல் என்ன கேட்பது? காசுகூட வாங்கவில்லை. பழையதைச் சுத்தமாக அழித்து, புதியதை ஏற்றி, அணைத்துவிட்டுப் போனார். பூசையன்று கருவிகளைத் தொடமாட்டோம். சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஓடுகிறதா என்று பார்க்காமலேயே விழுந்து கும்பிட்டேன்.

மறுநாள் விஜயதசமி. போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். கடை திறக்கும் முன்பே பதினேழு பேர் நின்றார்கள். ஸ்விட்சைப் போட்டேன். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தால் அப்படியே உறைந்து நின்றது. பிரிண்டர் இருப்பதே அதற்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு ஏழு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் பொறுத்தார்கள். பிறகு, மகனுக்காக வந்திருந்த செவந்தி தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“கோவிச்சுக்காதீங்க அக்கா. அங்கிட்டுக் கோயில் தெருவுல இன்னைக்குப் புதுசா ஒரு கடை தொறந்திருக்காம். சட்டுனு முடியுதாம்.”

அவள் போனாள். பின்னாலேயே வரிசையும் போனது. அப்படி என்ன கடை என்று பார்க்க நானும் போனேன்.

வாசலில் வாழைமரம். உள்ளே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் கோபிநாத் அண்ணன். மேசை மேல், என்னுடையதோடு சேர்த்து வாங்கிய அந்தக் கம்ப்யூட்டர்.

“இம்புட்டுப் பழசு இந்த ஓட்டம் ஓடுதே?” என்றார் ஒருவர்.

“பழசுல புது ஓ.எஸ். ஏத்துனா படுத்துரும்ணே. நான் லினக்ஸ்னு லேசான ஓ.எஸ். போட்டிருக்கேன்.”

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே செய்திருக்கிறார்.

திரும்பியவருக்கு என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது.

“வாம்மா… ஒனக்கும் நாளைக்கு இதையே போட்டுத் தாரேன்.”

“வரிசை இன்னைக்குல்ல நிக்கிது?” என்றேன். அவர் குனிந்து அடுத்த விண்ணப்பத்தைப் பதிய ஆரம்பித்தார்.

கடைக்குத் திரும்பினேன். ஆளில்லாத கடையில், இன்னும் சுற்றும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு காவ்யா உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா, மாமா வந்து சரி பண்ணுவாரா?”

“ஒனக்கு மாமன் கெடையாதுடி” என்றேன்.